கோர்ட்டில் கிடக்கும் புகலிட வழக்கை மீளப் பெறலாமா?

மெல்பேர்ணில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. 2013இல் படகில் வந்தவர். ஷெவ் என்ற தற்காலிகப் பாதுகாப்பு விசாவுக்குப் போட்ட விண்ணப்பத்தை அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் நிராகரித்தது, அப்படிப்பட்ட நிராகரிப்புகளை மறுபரிசீலனை செய்த ஐஏஏ என்ற அமைப்பு அதையே உறுதி செய்தது. அதற்கு எதிராகப் போட்ட வழக்கு வருடக்கணக்காகக் கிடந்துவிட்டு, இப்போதுதான் விசாரணைத் திகதி வந்திருக்கிறது. இடையில் லோயர் விலகிவிட்டார். ‘கேஸை வித்ட்ரோ பண்ணிவிட்டு மினிஸ்டருக்கு எழுது, அதுதான் கெதியில் முடியும்’ என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஊரில் அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போகலாமா என்றும் யோசிக்கிறார். என்ன செய்யலாம், அண்ணா?

தம்பி, முதலில் நேரான பதில். இந்த நிலையில், ஒரு சட்டத்தரணி உங்கள் கோப்பைப் பார்க்காமல், எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருபோதும் மீளப் பெறக் கூடாது என்று சொல்ல வரவில்லை. மீளப் பெறுவதே சரியான முடிவாக இருக்கும் ஆட்களும் உண்டு, உங்கள் அம்மாவின் விஷயம் உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆனால் உங்களுக்கு யோசனை சொன்னவர்கள், கேஸ் இல்லாமல் போனதற்கு அடுத்த நாள் உங்கள் நிலைமை என்ன என்பதைச் சொல்லவே இல்லை என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

நான் சட்டத்தரணி இல்லை. இப்படிப்பட்ட கோப்புகளோடு பல வருடங்களாக ஆட்களுக்கு உரைபெயர்ப்புச் செய்தும், கடிதங்களை வாசித்து விளக்கியும் வருகிறவன். சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன், உங்கள் வழக்கின் பலம் பலவீனத்தைச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

உங்கள் பிரிட்ஜிங் விசா ஈ, அதாவது முடிவு வரும்வரை இங்கே இருக்க விடும் இடைக்கால விசா, எதில் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மறுபரிசீலனையும் முடிந்துவிட்டது. இன்று வரைக்கும் வேலை செய்யவும், மெடிகெயார் என்ற அரசாங்க வைத்திய வசதியை வைத்திருக்கவும் இடம் தருவது கோர்ட்டில் கேஸ் இருக்கிறது என்ற அந்த ஒரே காரணம். வழக்கை மீளப் பெற்றால், வழமையான நிபந்தனைப்படி அன்றிலிருந்து 35 நாளில் பிரிட்ஜிங் விசா முடியும். பழைய விசாக்களில் இது 28 நாளாக இருந்தது, 2016 நவம்பருக்குப் பிறகு கொடுத்தவற்றில் 35. உங்கள் விசாக் கடிதத்திலேயே அது எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்த நாளுக்குள் வேறு விசா கையில் இல்லையென்றால் நீங்கள் விசா இல்லாத ஆள். அப்படிப்பட்டவரைத் தடுத்து வைக்க வேண்டும், கூடிய விரைவில் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்பதுதான் 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம். அதிகாரிகள் எல்லா நேரத்திலும் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை என்பது உண்மை. ஆனால் வராமல் இருப்பது அவர்களுடைய தெரிவு, உங்களுடைய உரிமை இல்லை.

சரி, கேஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு புகலிட விண்ணப்பம் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. பாதுகாப்பு விசா ஒரு தடவை நிராகரிக்கப்பட்டவர் இந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு இரண்டாவது தடவை விண்ணப்பிப்பதை அதே குடிவரவுச் சட்டத்தின் 48ஏ பிரிவு தடுக்கிறது. படகில் வந்தவர்களுக்கு அதற்கு மேல் 46ஏ தடையும் இருக்கிறது, அமைச்சர் நீக்கினால் ஒழிய எந்த விசாவுக்கும் இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது. வழக்கை மீளப் பெறுவதால் இந்தத் தடைகளில் எதுவும் விலகப் போவதில்லை.

அடுத்தது, கேஸ் கையில் இருப்பதால் உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பது. நம் ஆட்களில் நிறையப் பேர் கோர்ட் கேஸை ‘நாளைக் கடத்துகிற வேலை’ என்று மட்டும் நினைக்கிறார்கள். 2018இல் அப்படி நினைத்ததிலாவது ஓரளவு நியாயம் இருந்தது. வென்றாலும் கோப்பு திரும்பவும் அதே ஐஏஏயிடம்தான் போகும், அவர்கள் பெரும்பாலும் ஆளை நேரில் கூப்பிடாமல் காகிதத்தைப் பார்த்தே முடிவு எழுதுவார்கள். வென்றாலும் கிடைப்பது தற்காலிக விசாதான். இப்போது அந்த இரண்டுமே மாறிவிட்டன.

2023 பெப்ரவரியில் அரசாங்கம் டிபிவி, ஷெவ் என்ற இரண்டு தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களை வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. ரிசொலூஷன் ஒஃப் ஸ்டேட்டஸ் என்று எல்லோரும் பேசிய 851 விசா அதுதான். 19,000 பேரளவில் அதற்குத் தகுதி பெற்றார்கள். 2012 ஓகஸ்ட் 13க்குப் பிறகு, 2014க்கு முன்னர் படகில் வந்தவர்கள் என்று கணக்கில் எடுக்கப்பட்ட கிட்டத்தட்ட 31,000 பேரில், நிராகரிக்கப்பட்டவர்கள் வெளியே விடப்பட்டார்கள். அந்த வெளியே நிற்கும் கூட்டத்திலிருந்து உள்ளே போக மிச்சமிருக்கும் முறையான பாதை ஒன்றுதான்: கோர்ட் அந்த நிராகரிப்பை ரத்துச் செய்ய வேண்டும், மறுபடி பரிசீலித்து உங்களுக்குப் பாதுகாப்புத் தேவை என்று முடிவாக வேண்டும். அப்படி முடிவானால் உங்களுடைய பழைய ஷெவ் விண்ணப்பமே நிரந்தர விசாவாக மாறும். கேஸை மீளப் பெற்றால் ஐஏஏயின் முடிவே கடைசி முடிவாகிவிடும்.

இரண்டாவது மாற்றம், 2024 ஒக்டோபர் 14இல் ஐஏஏ மூடப்பட்டது. ஏஏடி என்ற பழைய தீர்ப்பாயமும் போய், ஏஆர்டி என்ற புதிய தீர்ப்பாயம் வந்தது. இப்போது கோர்ட் திருப்பி அனுப்பும் கோப்பு ஏஆர்டியிடம் போகிறது. அங்கே உங்களை நேரில் அழைத்து, உரைபெயர்ப்பாளரை வைத்து, உங்கள் வாயால் கேட்பார்கள். 2016இல் சொல்லப் பயந்த விஷயம், பிறகு கிடைத்த கடிதங்கள், வைத்திய அறிக்கை எல்லாவற்றையும் முன்வைக்க இடமிருக்கிறது. ஆகவே கோர்ட்டில் வெல்வதன் பெறுமதி முன்பை விட இப்போது கூட. இந்த நேரத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஆனால் வெல்ல முடியுமா என்ற கேள்வி இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோர்ட் உங்கள் கதை உண்மையா பொய்யா என்று பார்க்காது. ஊருக்குப் போனால் ஆபத்தா என்றும் தீர்மானிக்காது. ஐஏஏ முடிவெடுத்த விதத்தில் சட்டப் பிழை இருக்கிறதா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. நீங்கள் சொன்ன ஒரு காரணத்தை முற்றாகப் பார்க்காமல் விட்டார்களா, நியாயமான எந்த அதிகாரியும் செய்யாத ஒன்றைச் செய்தார்களா என்ற மாதிரி. ‘எனக்கு அநியாயம் நடந்துவிட்டது’ என்று எவ்வளவு அழுதாலும் நீதிபதியால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நிறைய வழக்குகள் தோற்பது இதனால்தான்.

அதே நேரம், கீழே தோற்றுப் போய் மேலே வென்ற வழக்குகளும் இருக்கின்றன. ஏபிடி17 என்று அழைக்கப்படும் வழக்கு இலங்கைத் தமிழர் ஒருவருடையது. இந்த மாதிரி வழக்குகளில் சொந்தப் பெயரை வெளியிடச் சட்டம் விடாது, அதனால்தான் மூன்று எழுத்தும் வழக்குப் போட்ட வருடமும். திணைக்கள அதிகாரி அவரை நேரில் இருத்தி விசாரித்து, அவர் சொன்னதில் சிலவற்றை நம்பினார். ஐஏஏ அவரைப் பார்க்காமலே, பேட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, அவற்றை நம்ப முடியாது என்று எழுதியது. சர்க்கிட் கோர்ட்டில் தோற்றார், ஃபெடரல் கோர்ட்டில் தோற்றார். 2020இல் நாட்டின் ஆக மேல் நீதிமன்றமான ஹை கோர்ட், நேரில் பார்த்த அதிகாரியின் கணிப்பைத் தள்ளுவதென்றால் ஆளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், அப்படிச் செய்யாதது சட்டப்படி நியாயமற்றது என்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. முதல் தோல்வியோடு அவர் விட்டிருந்தால் அந்தத் தீர்ப்பே இல்லை. உங்கள் ஐஏஏ முடிவை எடுத்து, திணைக்களத்தின் நிராகரிப்புக் கடிதத்தோடு பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதிகாரி ஏற்றுக்கொண்ட ஒன்றை ஐஏஏ தள்ளியிருக்கிறதா என்பதுதான் சட்டத்தரணி முதலில் தேட வேண்டிய இடங்களில் ஒன்று.

உங்கள் லோயர் விலகியது பற்றி. அவர் விலகியதால் கேஸ் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இனி நீங்களே உங்கள் சார்பில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். வெல்ல நியாயமான வாய்ப்பு இருப்பதாக உறுதி எழுதிக் கொடுக்காமல் லோயர் ஒருவர் இப்படிப்பட்ட வழக்கைத் தாக்கல் செய்ய முடியாது, வாய்ப்பே இல்லாத வழக்கை நடத்த ஊக்குவித்தால் செலவு அவர் தலையிலேயே விழலாம். அதனால் சிலர் உண்மையிலேயே பலமில்லை என்று கண்டு விலகுகிறார்கள். சிலர் காசு வராததால் விலகுகிறார்கள். உங்கள் விஷயத்தில் எது என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். கோப்பு முழுவதையும் திருப்பி வாங்குங்கள். முக்கியமாக, கோர்ட்டில் உங்கள் விலாசம், மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் எல்லாம் இன்னும் பழைய லோயருடையதாக இருக்கக் கூடும். அதை உடனே மாற்றுங்கள். திகதி தெரியாமல் போகாமல் விட்டால், ஆள் வரவில்லை என்று வழக்கைத் தள்ளிவிடுவார்கள். தகுந்த காரணம் இருந்தால் அதைத் திரும்ப எடுக்கக் கேட்கலாம், ஆனால் அந்தப் பாடு எதற்கு?

கொமன்வெல்த் கோர்ட்ஸ் போர்ட்டல் என்ற இணையத்தளத்தில் உங்கள் கோப்பு இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். மெல்பேர்ண் என்றால் எம்எல்ஜி என்று தொடங்கும், சிட்னி என்றால் எஸ்வைஜி. யாராவது ‘உன் கேஸ் முடிந்துவிட்டது’ என்று சொன்னால், முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

இப்போது காகிதங்களுக்கு வருவோம், ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். வழக்கை மீளப் பெறும் அறிவித்தல் மிகச் சிறிய படிவம். கோப்பு இலக்கம், வழக்கு முழுவதையும் நிறுத்துகிறீர்களா ஒரு பகுதியையா என்ற வரி, திகதி, கையெழுத்து. காரணம் கேட்பதில்லை. விசாரணைக்கு 14 நாளுக்கு முன்னரே என்றால் நீதிபதியின் அனுமதியும் வேண்டியதில்லை, பதிவு செய்தால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் பிறகு ‘விளங்காமல் போட்டுவிட்டேன்’ என்று சொல்லி அதை மாற்றுவது மிகக் கஷ்டம். புதிதாக வழக்குப் போடலாம் என்றால், அதற்கான காலம் ஐஏஏ முடிவின் திகதியிலிருந்து 35 நாள், அது உங்களுக்கு எப்போதோ போய்விட்டது. கால நீடிப்புக் கேட்க வேண்டும், ‘நீயாகத்தானே நிறுத்தினாய்’ என்பது முதல் கேள்வியாக வரும்.

இன்னொரு காகிதம், சம்மதக் கட்டளை. வழக்கில் உங்கள் எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சரின் வழக்கறிஞர்கள் அனுப்புவார்கள், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லி. இது இரண்டு விதமாக வரும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில், ஐஏஏயின் முடிவில் பிழை இருக்கிறதென்று அமைச்சர் தரப்பே ஒத்துக்கொண்டு, அதை ரத்துச் செய்து மறுபடி பரிசீலிக்க அனுப்புவதாக இருக்கும். அது உங்கள் வெற்றி, விசாரணையே இல்லாமல் கிடைக்கும் வெற்றி. மற்றதில், விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது, விண்ணப்பதாரர் இவ்வளவு செலவு கட்ட வேண்டும் என்று இருக்கும். அது தோல்வி. ஆங்கிலம் அவ்வளவாக வாசிக்காத ஒருவர் இரண்டாவதை முதலாவது என்று நம்பிக் கையெழுத்துப் போடக் கூடும். என்ன கட்டளை என்று எழுதியிருக்கும் முதல் இரண்டு வரிகளை ஒருவரைக் கொண்டு வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீளப் பெறுவதற்குச் சார்பாக இருக்கும் நேர்மையான காரணம் இதுதான். தோற்றால் அமைச்சரின் வழக்குச் செலவை நீங்கள் கட்டச் சொல்லிக் கட்டளை வரும். வழக்கு எந்தக் கட்டத்தில் முடிகிறதோ அதற்கேற்ற அட்டவணைத் தொகை உண்டு, ஆரம்பத்தில் குறைவு, இறுதி விசாரணை வரை போனால் 8,000 டொலருக்கு மேல். மீளப் பெற்றாலும் அதுவரைக்குமான செலவை அவர்கள் கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே பேசினால் ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்றோ குறைந்த தொகைக்கோ ஒத்துக்கொள்வதும் உண்டு. பேசி எழுத்தில் வாங்கிய பிறகுதான் அறிவித்தலைப் பதிய வேண்டும், பதிந்த பிறகு பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. கட்டாமல் விட்டால் அது அரசாங்கத்துக்கான கடன். தவணையில் கட்ட ஒழுங்கு செய்யலாம், ஆனால் பின்னாளில் இன்னொரு விசாவுக்குப் போகும்போது அந்தக் கடன் கேள்வியாக வரும்.

ஆகவே, கோப்பைப் பார்த்த சட்டத்தரணி ஒருவர் (இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது) ‘இதில் சட்டப் பிழை ஒன்றுமில்லை’ என்று தெளிவாகச் சொன்னால், விசாரணைக்கு முன்னர் செலவு பேசி மீளப் பெறுவது புத்தியான காரியம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அமைச்சர் விஷயம். உங்களுக்குச் சொன்னவர்கள் முற்றாகப் பிழையாகச் சொல்லவில்லை. கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அமைச்சரின் தலையீட்டுக்கு வரும் கோரிக்கைகளை வழமையாகப் பரிசீலிப்பதில்லை. அதனால்தான் ‘முதலில் கேஸை எடு’ என்ற யோசனை வருகிறது. ஆனால் கேஸை எடுத்தால் அமைச்சர் பார்ப்பார் என்று அர்த்தமில்லை. அந்த அதிகாரம் அவருடைய தனிப்பட்ட அதிகாரம், கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டிய கடமையே அவருக்கு இல்லை என்று சட்டமே சொல்கிறது. தீர்ப்பாயத்தில் தோற்றவர்களுக்கு அமைச்சர் நேரே வேறொரு விசாவைக் கொடுக்கும் பிரிவு ஐஏஏயில் தோற்ற உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் கேட்கக் கூடியது, மறுபடி விண்ணப்பிக்க 48ஏ, 46ஏ தடைகளை நீக்குங்கள் என்பதுதான். நிராகரிப்புக்குப் பிறகு ஊர் நிலைமையிலோ உங்கள் வாழ்க்கையிலோ பாரிய மாற்றம் வந்திருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். எழுதிப் போட்டதாலேயே பிரிட்ஜிங் விசா நீளும் என்றும் நம்பியிருக்காதீர்கள்.

பிலோயலா என்ற ஊரில் இருந்த தமிழ்க் குடும்பத்தைக் காட்டி ‘அவர்களுக்கு அமைச்சர்தானே கொடுத்தார்’ என்பார்கள். கொடுத்தார், 2022 ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. ஆனால் 2018 மார்ச்சில் பிடிக்கப்பட்டதிலிருந்து அதுவரை அவர்களை இந்த நாட்டில் வைத்திருந்தது எது? 2019 ஓகஸ்டில் நாடு கடத்த அவர்களை ஏற்றிய விமானம் மேலே போன பிறகுதான் ஒரு நீதிபதியின் தடையுத்தரவு வந்தது, விமானம் டார்வினில் இறங்கியது. அதன் பிறகு இளைய மகளின் பெயரில் நடந்த வழக்கு அவர்களைத் தாங்கி நின்றது. ஒரு ஊரே அவர்களுக்காகத் திரண்டு நின்றது, ஆட்சியும் மாறியது. அமைச்சர் கடைசியில் வந்தார். கோர்ட்டை விட்டுவிட்டு அமைச்சரிடம் போ என்பதற்கு அந்தக் குடும்பம் உதாரணமே இல்லை.

கடைசியாக உங்கள் அம்மா. இதில் நான் புத்தி சொல்ல மாட்டேன், அது உங்கள் மனசு. போவதென்று முடிவெடுத்தால் வழக்கை மீளப் பெறுவது சரி, ஆனால் எதை முதலில் செய்வது என்பது முக்கியம். பிரிட்ஜிங் விசா ஈயில் வெளியே போனால் திரும்பி வர முடியாது, கதவைத் தாண்டியதோடு அது முடிந்துவிடும். பிறகு விசிட்டர் போன்ற தற்காலிக விசாவுக்குக் கேட்டாலும் 3 வருடத் தடை வரக் கூடும். ஆகவே அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணத்தில் இதைத் தொடாதீர்கள். போவது போவதுதான்.

சட்டவிரோதமாகப் படகில் வெளியேறியவர்களைக் கட்டுநாயக்கவில் இறங்கியதும் விசாரிப்பார்கள். இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டி நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்துவது வழமை, பெரும்பாலும் தண்டப்பணத்தோடு முடிகிறது. ஆனால் நீங்கள் புகலிட விண்ணப்பத்தில் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் இன்னும் உண்மை என்றால், இந்த ‘பெரும்பாலும்’ உங்களுக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியோடு தனியாகப் பேசுங்கள். முடிவெடுக்கும் முன்னர் தூதரகத்துக்குப் போய்ப் பயணப் பத்திரம் கேட்க வேண்டாம். கேஸ் உயிரோடு இருக்கும்போது அப்படிப் போனால், ‘பயப்படும் அரசாங்கத்திடமே உதவி கேட்டாயே’ என்று உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இன்னுமொன்று. நாட்டை விட்டுப் போக ஒழுங்கு செய்கிறேன் என்று சொல்லிப் பிரிட்ஜிங் விசா வாங்கினால், 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டத்துக்குள் நீங்கள் வருகிறீர்கள். பயணப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடு, தூதரக அதிகாரியைச் சந்தி என்று அமைச்சர் உத்தரவிடலாம். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் குறைந்தது 12 மாதம், கூடியது 5 வருடம் சிறை. போகலாம் என்று சொல்லி விசா வாங்கிவிட்டுப் பிறகு மனம் மாறுவது முன்பு போல இல்லை. அதனால் மனதை முழுதாகத் தீர்மானித்த பிறகே வழக்கை மீளப் பெறும் அறிவித்தலைப் பதியுங்கள். பயணத் திகதியும் பிரிட்ஜிங் விசா முடியும் அந்த 35 நாளுக்குள் வரும்படி பாருங்கள்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது இது. திணைக்களத்தின் நிராகரிப்புக் கடிதம், ஐஏஏ முடிவு, கோர்ட்டில் போட்ட விண்ணப்பம், விசாரணைத் திகதி சொல்லும் கடிதம், கடைசியாக வந்த பிரிட்ஜிங் விசாக் கடிதம், இந்த ஐந்தையும் எடுங்கள். மெல்பேர்ணில் ரெஃப்யூஜி லீகல், ஏஎஸ்ஆர்சி என்ற அகதி உதவி அமைப்புகள் இரண்டும் இலவசமாகப் பார்ப்பவர்கள், ஆட்கள் நிறைய, அதனால் முதல் அழைப்பிலேயே விசாரணைத் திகதியைச் சொல்லுங்கள். மைகிரேஷன் ஏஜென்ட் ஒருவர் லோயராகவும் இல்லையென்றால் கோர்ட்டில் உங்களுக்காக நிற்க முடியாது, அவரிடம் இதற்குக் காசு கொடுக்காதீர்கள். யாரும் கிடைக்காமல் திகதி நெருங்கினால், விசாரணையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கு எழுதுங்கள், சட்ட உதவி தேடிய மின்னஞ்சல்களையும் இணையுங்கள். தருவார்கள் என்று உறுதியில்லை. அன்றைக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.